கடல் முள்ளெலிக் கருவில் இடமும் வலமும்: நீங்களே பார்த்தறியும் முறை

முட்கள் சூழ்ந்த உருண்டைக் கடலுயிரியான கடல் முள்ளெலி வளர்ந்தபின் அதன் உடல் ஐந்து பங்காக அமைந்திருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு இடம் எது, வலம் எது என்று கேட்பதில் பொருளில்லை. ஆனால் புளூட்டியஸ் எனப்படும் அதன் லார்வாவுக்கு நம்மைப் போலவே இரண்டு பக்கங்கள் உண்டு. நாளைய முள்ளெலியின் முளை அந்த லார்வாவின் இடப்பக்கத்தில் மட்டுமே தோன்றும். அதற்கான காரணம் வலப்பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் இந்தச் சோதனையின் அழகு.

நாம் எடுத்துக்கொள்வது மத்தியதரைக் கடலின் பாராசென்ட்ரோட்டஸ் லிவிடஸ் என்ற இனம். பிரான்ஸின் வில்ஃபிரான்ஷ்-சுர்-மேர் ஊரில் டுபோக், லெபாஜ் குழுவினர் இதைக் கொண்டு செய்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது.

முதல் படி: பக்கத்தை அடையாளம் காணுங்கள்

மற்றப் படிகளில் தவறினால் திருத்திக்கொள்ளலாம். இதில் தவறினால் முடிவு முழுவதும் தலைகீழாகிவிடும். லார்வாவின் கரங்கள் மேல்நோக்கி இருக்கும்படி நுண்ணோக்கிப் படத்தைத் திருப்புங்கள். வாய் உங்களை நோக்கி இருந்தால் அதன் இடப்பக்கம் உங்கள் வலக்கைப் பக்கம் வரும். எதிரே நிற்பவரின் இடக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகு உங்களை நோக்கி இருந்தால் இடம் இடமாகவே இருக்கும். வாய் முன்பக்கமா பின்பக்கமா என்பதை அறியக் குவியத்தை மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள்.

கேமரா படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிக் காட்டலாம். ஒரு தாளில் 'க' என்று எழுதி முதலில் அதைப் படம் எடுத்துப் பாருங்கள். நான் இதைச் செய்யாமல் விட்டு, ஒரு வாரக் குறிப்பேட்டை மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

இரண்டாம் படி: முட்டையும் விந்தும்

0.5 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலை வாயைச் சுற்றியுள்ள மென்தோல் வழியாக ஊசியால் செலுத்துங்கள். சிறிது நேரத்தில் உச்சியிலுள்ள ஐந்து துளைகளிலும் கசிவு தெரியும். வெண்மையாக வந்தால் ஆண். நிறத்தோடு வந்தால் பெண். பெண் முள்ளெலியைக் கடல்நீர் நிரம்பிய பீக்கரின் மேல் கவிழ்த்து வைத்தால் முட்டைகள் நூல்போல் இறங்கி அடியில் படியும். விந்தை நீர் சேர்க்காமல் எடுத்துப் பனிக்கட்டியில் வையுங்கள்.

விந்தைக் கடல்நீரில் நன்கு நீர்க்கச் செய்து, சில துளிகள் மட்டும் சேருங்கள். மிகுதியானால் ஒரே முட்டைக்குள் பல விந்தணுக்கள் புகுந்து கரு கெட்டுவிடும். ஓரிரு நிமிடங்களில் முட்டையைச் சுற்றி ஒரு மெல்லிய உறை எழும்பும். முட்டைக்கும் உறைக்கும் நடுவே தெளிந்த வளையம் தெரிந்தால் கருவுற்றுவிட்டது. இத்தனை முறை பார்த்த பிறகும் அந்த வளையம் எழும் கணத்தில் நான் கண்ணை எடுப்பதில்லை.

மூன்றாம் படி: வளர்த்தல்

வடிகட்டிய கடல்நீரில் சுமார் 18 டிகிரி செல்சியஸில், நெருக்கமில்லாமல் வையுங்கள். ஏறக்குறைய இரண்டு நாளில் புளூட்டியஸ் உருவாகும். பிறகு நுண்பாசி ஊட்ட வேண்டும்.

நான்காம் படி: எங்கே பார்ப்பது

கருவின் முதல் குடல்குழாயான ஆதிக்குடலின் நுனியிலிருந்து இருபுறமும் இரு சிறு உடற்குழிப் பைகள் பிரிந்து உணவுக்குழாயின் இரு பக்கங்களில் அமர்கின்றன. தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நாள் செல்லச் செல்ல இடப்பை பெருக்கும். வலப்பை சிறுத்தே நிற்கும். பிறகு இடப்பக்கப் புறப்படை (வெளிப்புறச் செல் அடுக்கு) உள்நோக்கிக் குழிந்து வந்து இடப்பையைத் தொடும். அந்தச் சந்திப்பில்தான் முளை உருவாகிறது. சில வாரங்களில், இரைப்பைக்கு அருகே ஐந்து மொட்டுகளை ஒரு வட்டமாகக் காண்பீர்கள். அவை குழாய்க்கால்களின் தொடக்கம்.

கண்ணுக்குத் தெரியும் இந்த வேறுபாட்டுக்கு வெகுமுன்பே முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. கருவுக்குள் குடல்குழாய் குழிந்து உருவாகும் கேஸ்ட்ருலா பருவத்தின் இறுதியில் நோடல் என்ற சமிக்ஞைப் புரதத்தின் மரபணு வலப்பக்கத்தில் இயங்கத் தொடங்குகிறது. அது அங்கே முளை தோன்றாமல் தடுக்கிறது. இடப்பக்கத்தில் பி.எம்.பி. என்ற வேறொரு சமிக்ஞை முளைக்கு வழிவிடுகிறது. தைவானில் லுவோ, சூ ஆகிய இருவரும் 2012-இல் இந்த எதிரெதிர்ப் பணியை விளக்கினார்கள். நோடலை வலப்பக்கம் ஒதுக்குவதில் செல்களின் மேலுள்ள மயிர்போன்ற குற்றிழைகளுக்கும் பங்கு உண்டு.

ஐந்தாம் படி: நோடலை நிறுத்திப் பாருங்கள்

கருக்களை இரு கிண்ணங்களாகப் பிரியுங்கள். ஒன்றில் எஸ்.பி.-431542 என்ற மருந்து; அது செல்களில் நோடலை உணரும் ஏற்பிப் புரதங்களை முடக்கும். மற்றதில், மருந்தைக் கரைக்கப் பயன்பட்ட டி.எம்.எஸ்.ஓ. மட்டும் அதே அளவு. இந்த இரண்டாம் கிண்ணம் இல்லாத சோதனையை நான் ஏற்பதில்லை.

மருந்து சேர்க்கும் நேரம் மிக முக்கியம். நோடலுக்கு இரண்டு வேலைகள் உண்டு. கரு சிறு செல்திரளாக இருக்கும்போதே வாய் எந்தப் பக்கம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அப்போதே தடுத்தால் வாயோ முதுகோ இல்லாத உருண்டைக் கருக்கள் கிடைக்கும். அவற்றில் இடம், வலம் என்ற கேள்வியே எழாது. கேஸ்ட்ருலா முடியும்வரை காத்திருந்து பிறகு சேருங்கள்.

நேரம் சரியாக அமைந்தால், மருந்துக் கிண்ணத்தில் வலப்பக்கத்திலும் ஒரு முளை எழும். வில்ஃபிரான்ஷ் ஆய்வில் இத்தகைய லார்வாக்கள் உருமாறி, ஒட்டிய இரட்டை முள்ளெலிகளாயின. மாறாக, நோடலை இடப்பக்கத்திலும் இயங்கச் செய்தபோது முளையே தோன்றவில்லை.

நம் உடலோடு ஒப்பிடுபவர்கள் இங்கே தயங்குவார்கள். மனிதன், கோழி, எலி எல்லாவற்றின் கருவிலும் நோடல் இயங்குவது இடப்பக்கத்தில். முதுகெலும்பிகளின் மூதாதையரில் முதுகும் வயிறும் இடம் மாறியதாகக் கொண்டால் முரண் தீர்கிறது. குப்புறப் படுத்தவரை, தலையை அதே திசையில் வைத்து மல்லாக்கத் திருப்புங்கள். அவருடைய இடக்கை அறையின் மறுபுறத்துக்குப் போய்விடும்.

ஆறாம் படி: எண்ணுதல்

ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் எடுத்த லார்வாக்களை முளை இருக்கும் பக்கத்தின்படி நான்கு பத்திகளில் எண்ணி எழுதுங்கள்: இடத்தில் மட்டும், வலத்தில் மட்டும், இரண்டிலும், எதிலும் இல்லை. எது எந்தக் கிண்ணம் என்பதை எண்ணுபவரிடம் சொல்லாதீர்கள்.