பிரிட்டன் ஸ்பவுஸ் விசா: கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிவிடும் தவறுகள்

ஒருவருக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், மற்றவருக்கு இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட். இருவரும் பிரிட்டனில் சேர்ந்து வாழ வேண்டுமென்றால் பெரும்பாலும் ஸ்பவுஸ் விசாதான், அதாவது கணவன் அல்லது மனைவிக்கான விசாதான் வழி. மறுப்புக் கடிதம் வாங்குகிற பலரின் கல்யாணத்தை அதிகாரி சந்தேகிப்பதே இல்லை. சம்பளச் சீட்டு ஒரு மாதம் குறைந்திருக்கும், எழுதிய தேர்வு வேறாக இருக்கும், பணம் வங்கிக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருக்கும். விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரல் நிலவரப்படி 1,938 பவுண்டு. அதோடு மருத்துவ வரி ஆண்டுக்கு 1,035 வீதம், முதல் விசாவுக்கு மட்டும் 3,105. மறுத்தால் மருத்துவ வரி திரும்பி வரும், விண்ணப்பக் கட்டணம் வராது. அதனால் தேதி குறிக்கும்போதே காகிதங்களையும் யோசித்துவிடுவது நல்லது.

முதல் தவறு, விசிட் விசாவில் போய் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று நம்புவது. முடியாது. மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவர் உள்ளேயிருந்து மாறலாம், சுற்றுலா விசாவில் வந்தவர் ஊருக்குத் திரும்பித்தான் விண்ணப்பிக்க வேண்டும். கல்யாணத்தையே பிரிட்டனில் வைத்துக்கொண்டு அங்கேயே தங்க விரும்பினால் அதற்கு நிச்சயிக்கப்பட்டவருக்கான விசா தனியாக இருக்கிறது. ஆறு மாதம் தருவார்கள். அந்த ஆறு மாதமும் வேலை செய்யக் கூடாது, கல்யாணம் முடிந்ததும் மறுபடி முழுக் கட்டணம், அந்தக் காலம் நிரந்தர வதிவிடக் கணக்கிலும் சேராது. ஊரில் கல்யாணத்தை முடித்துவிட்டு விண்ணப்பிப்பது பலருக்கும் மலிவான வழி.

கோவிலில் தாலி கட்டியாயிற்று, மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்டார்கள், ஆனால் பதிவு செய்யவில்லை. இப்படி வந்து நிற்கும் குடும்பங்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவது கட்டாயம், 90 நாளுக்குள் செய்துவிடுங்கள். சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் அத்தாட்சி பெற்ற மொழிபெயர்ப்பும் சேர வேண்டும்.

இனி வருமானம். இங்கேதான் நிதானம் தேவை. 2012 ஜூலையில் 18,600 பவுண்டாக வந்த வரம்பு, 2024 ஏப்ரல் 11 முதல் ஆண்டுக்கு 29,000. முதல் விண்ணப்பத்தில் பிரிட்டனில் இருப்பவரின் சம்பளம்தான் கணக்கு. சென்னையில் ஐடி கம்பெனியில் மனைவி எவ்வளவு வாங்கினாலும், லண்டனில் அவருக்கு வேலை உறுதியாகியிருந்தாலும், அது சேராது.

29,000 என்பது ஒரே நாளில் காட்டும் எண் இல்லை. ஒரே முதலாளியிடம் ஆறு மாதமாக இருந்தால் ஆறு மாதச் சம்பளச் சீட்டும் அதே ஆறு மாத வங்கிக் கணக்கும் கேட்பார்கள். நிலையான சம்பளக்காரருக்கு அந்த ஆறு மாதத்தில் எது குறைவான அளவோ அதை வைத்துத்தான் ஆண்டு வருமானத்தைக் கணிப்பார்கள். வரி பிடிப்பதற்கு முன் மாதத்துக்குச் சுமார் 2,417 பவுண்டு வர வேண்டும். இதில் பலர் மாட்டுவது கல்யாண விடுப்பில். யாழ்ப்பாணத்துக்கோ மதுரைக்கோ ஐந்து வாரம் சம்பளமில்லா விடுப்பில் போய்வந்து, உடனே விண்ணப்பித்தால் அந்த ஒரு மாதம் கணக்கைக் கெடுத்துவிடும். கல்யாணம் நெருங்கும்போது கூடுதல் சம்பளத்துக்கு வேலை மாறுவதும் அப்படித்தான். புதிய வேலையில் ஆறு மாதம் ஆகவில்லை என்றால், இப்போதைய சம்பளம் 29,000 இருப்பதோடு, கடந்த 12 மாதத்தில் சம்பாதித்த மொத்தமும் (வரி பிடிப்பதற்கு முன்) அந்த அளவைத் தொட்டிருக்க வேண்டும்.

கடைகளிலும் பெட்ரோல் ஸ்டேஷன்களிலும் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கையில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சீட்டில் இருக்கும் தொகை வங்கியில் தெரியவில்லை என்றால் அந்தப் பணத்தைச் சம்பாதித்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விண்ணப்பத்துக்கு எட்டு மாதம் முன்பே முதலாளியிடம் பேசி முழுச் சம்பளத்தையும் வங்கிக்கு மாற்றச் சொல்லுங்கள். பங்குகள் முழுக்கக் குடும்பத்தின் கையில் இருக்கும் கம்பெனியில் டைரக்டர் என்றால் கதையே வேறு. ஆறு மாதச் சீட்டு போதாது, கம்பெனியின் முழு நிதியாண்டுக் கணக்கும் வரி ஆவணங்களும் வேண்டும்.

சேமிப்பைக் காட்டலாம். சம்பளமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்ட 88,500 பவுண்டு தேவை. சம்பளம் குறைகிறது என்றால், குறைகிற தொகையை இரண்டரையால் பெருக்கி 16,000 கூட்டுங்கள். 25,000 வாங்குபவருக்கு 26,000 சேமிப்பு போதும். சொந்தத் தொழில் வருமானத்தோடு மட்டும் இதைச் சேர்க்க விடமாட்டார்கள். பணம் ஆறு மாதமாக உங்கள் இருவரில் ஒருவர் கையில் இருந்திருக்க வேண்டும். அப்பா அன்பளிப்பாகக் கொடுத்தது செல்லும், கடன் வாங்கியது செல்லாது. நகையும் காணியும் கணக்கில் வராது. விற்றுப் பணமாக்கினால் வரும். ஸ்பான்சருக்கு, அதாவது பிரிட்டனில் இருக்கும் துணைக்கு, உடல்நலக் குறைபாட்டு உதவித்தொகையோ பராமரிப்பாளர் உதவித்தொகையோ கிடைத்தால் இந்த 29,000 வரம்பே பொருந்தாது. இது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது மனதை வருத்துகிற விஷயம்.

ஆங்கிலத் தேர்வில் நடப்பது, ஏற்கெனவே எழுதிய சாதாரண ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணை அனுப்பிவிடுவது. பிரிட்டன் விசாவுக்கென்று அங்கீகரித்த தேர்வுதான் செல்லும். முதல் விசாவுக்குப் பேசுவதும் கேட்டுப் புரிந்துகொள்வதும் ஏ1 எனும் தொடக்க நிலையில் போதும். ஆங்கில வழியில் பட்டம் படித்தவர் பல்கலைக்கழகக் கடிதத்தை மட்டும் வைத்தாலும் போதாது, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் எக்டிஸ் நிறுவனத்தின் சான்று வேண்டும். காசநோய்ச் சான்றிதழை அங்கீகரித்த மையத்தில்தான் எடுக்க வேண்டும். அது ஆறு மாதம்தான் செல்லும், ரொம்ப முன்கூட்டியே எடுத்து வைக்காதீர்கள்.

மாமனார் மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. நெரிசல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஹாலும் ஒரு அறையாகவே சேரும். மூன்று அறையில் ஐந்து பேர் வரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை கணக்கில் இல்லை.

உறவுக்கு ஆதாரம் என்று இருநூறு பக்க வாட்ஸாப் உரையாடலை அனுப்புவதில் பயன் குறைவு. பெற்றோர் பார்த்துச் செய்த கல்யாணமாக இருப்பது குறையே அல்ல. நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்பது விதி. பெண் பார்த்த நாள், நிச்சயம், கல்யாணம், அதற்குப் பிறகான பயணம் என்று தேதியோடு சில படங்கள், டிக்கெட்டுகள், மாதத்துக்கு ஒன்றிரண்டு என அழைப்புப் பதிவுகள் போதும். முன்பு எந்த நாட்டு விசாவாவது மறுக்கப்பட்டிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பழைய மறுப்பைவிட அதை மறைத்ததுதான் பெரிய சிக்கல்.

விசா கையில் வந்ததும் பலர் கோப்பை மூடி வைத்துவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கிய முதல் விசா 33 மாதம், அப்புறம் 30 மாத நீட்டிப்பு, 60 மாதம் நிறைந்ததும் நிரந்தர வதிவிடம். நீட்டிப்பின்போது ஒரே முகவரியில் வாழ்ந்ததற்குக் கடிதங்கள் கேட்பார்கள். நம் வீடுகளில் கரண்ட் பில், கவுன்சில் வரி (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி), வங்கி எல்லாம் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோதான் இருக்கும், வந்தவர் பெயரில் ஒரு தாளும் இருக்காது. வந்த முதல் மாதமே டாக்டரிடம் பதிவு, வங்கிக் கணக்கு, கவுன்சில் வரி ஆகியவற்றில் அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். நீட்டிப்புக்கு அவசரப்பட்டு ரொம்ப முன்னதாக விண்ணப்பித்தால், இரண்டாவது விசா 60 மாதம் நிறைவதற்குள் முடிந்து மூன்றாவது முறை பணம் கட்ட நேரிடும். நீட்டிப்புக்கு ஏ2, நிரந்தர வதிவிடத்துக்கு பி1 ஆங்கிலமும் பிரிட்டன் வாழ்வு குறித்த தேர்வும் தேவை என்பதால் படிப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 'நான் நினைத்தால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்' என்ற மிரட்டலுக்குப் பயந்து அடி வாங்கிக்கொண்டு இருப்பவர்கள் இருக்கிறார்கள். குடும்ப வன்முறையால் உறவு முறிந்தால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கத் தனி விதியே இருக்கிறது. அதற்கிடையில் அரசு உதவி பெற மூன்று மாதச் சலுகை அனுமதியும் கிடைக்கும். பாஸ்போர்ட்டை வேறு யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

கடைசியில் குடியுரிமை. பிரிட்டிஷ் குடிமகனின் துணைக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகு இன்னும் ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிரிட்டிஷ் குடிமகள் ஆன பிறகும் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். அதை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்க வேண்டும். இலங்கையர் முறைப்படி விண்ணப்பித்து இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். அந்த விண்ணப்பத்தைப் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைப்பதற்கு முன்பே போட்டுவிடுவது நல்லது.