40,000 பவுண்ட் கோடு: பிரிட்டனில் சில மாதமே ஓடிய கார் வாங்குவோர் வரியில் சறுக்கும் இடங்கள்

எட்டு மாதமே ஓடிய கார், விலை 33,000 பவுண்ட். விலை உயர்ந்த கார்களுக்கு ஆண்டு வாகன வரியோடு சேரும் கூடுதல் வரி 40,000-க்கு மேல்தானே, நமக்கென்ன என்று வாங்குகிறவர்தான் வசமாக மாட்டுகிறார். நீங்கள் என்ன விலை கொடுத்தீர்கள் என்பதை டிவிஎல்ஏ (வாகனப் பதிவையும் வரியையும் கவனிக்கும் அரசு அமைப்பு) கேட்பதே இல்லை. கார் முதன்முதலில் பதிவானபோது அதன் பட்டியல் விலை, அதாவது தயாரிப்பாளர் அறிவித்த விலை, 40,000-ஐத் தாண்டியிருந்தால் போதும். டீலர் கொடுத்த தள்ளுபடியும் கணக்கில் வராது. 2017 ஏப்ரல் 1 முதல் பதிவான கார்களுக்கு இதுதான் விதி; மின்கார் கதை வேறு, அது கீழே. 2025-26 கட்டணப்படி சாதாரண வரி 195, கூடுதல் 425, ஆக ஆண்டுக்கு 620 பவுண்ட். ஏப்ரல்தோறும் தொகை மாறும்.

பட்டியல் விலையில் எதெல்லாம் சேரும் என்பதில்தான் குழப்பம் அதிகம். வாட் வரி, டெலிவரி கட்டணம், தொழிற்சாலையிலேயே பொருத்திய ஆப்ஷன்கள் எல்லாம் சேரும். அடிப்படை விலை 39,600. மெட்டாலிக் பெயின்ட் 700. கூட்டினால் 40,300, கோட்டைத் தாண்டியாயிற்று. அந்தப் பெயின்டுக்காக, கூடுதல் வரி விழும் ஐந்து ஆண்டில் 2025-26 கட்டணத்திலேயே 2,125 பவுண்ட் போகும். ஒரே மாடலில் இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், கண்ணாடிக் கூரை உள்ளது மட்டும் மாட்டலாம்.

நேர்மாறான தவறும் உண்டு. விளம்பரத்தில் வரும் 'ஆன் தி ரோட்' விலையில் முதல் ஆண்டு வரியும் 55 பவுண்ட் பதிவுக் கட்டணமும் அடங்கியிருக்கும். பட்டியல் விலையில் இவை சேராது. 'ஆன் தி ரோட்' 40,400 என்றிருந்த காருக்கு முதல் ஆண்டு வரி 540 என்றால், உண்மையான பட்டியல் விலை 39,805. நல்ல காரை வீணாக ஒதுக்கிவிடாதீர்கள்.

'ஒரு வருஷம் முடிந்த பிறகுதானே கூடுதல் வரி' என்பது அடுத்த தப்புக்கணக்கு. காருக்கு இரண்டாம் முறை வரி கட்டும்போதே அது தொடங்கிவிடும். 2014 அக்டோபர் முதல் வரி காரோடு கைமாறுவதில்லை. டீலர் பெயரில் பதிவாகி மூன்றே மாதமான கார் என்றாலும், உங்கள் பெயருக்கு மாறியதும் பழைய வரி ரத்து. மீதமுள்ள முழு மாதங்களுக்கான பணம் விற்றவருக்குத் திரும்பும். நீங்கள் கட்டுவது இரண்டாவது வரி, அதாவது 2025-26 கட்டணப்படி 620. 'டாக்ஸ் இருக்கிறது' என்று விற்பவர் சொன்னால் அது அவருடைய டாக்ஸ். லாக் புக்கில் (காரின் பதிவு ஆவணம்) புதிய உரிமையாளருக்கான பச்சைத் துண்டில் உள்ள 12 இலக்க எண்ணை வைத்து, காரை எடுப்பதற்கு முன்பே கட்டிவிடுங்கள். வரி மாதத்தின் முதல் தேதியிலிருந்தே கணக்காகும். 28-ஆம் தேதி வாங்கினால் சில நாளுக்காக ஒரு மாத வரி போகும். முடிந்தால் 1-ஆம் தேதிக்குத் தள்ளிப்போடுங்கள்.

மின்கார் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது பதிவுத் தேதி. 2025 மார்ச் 31 வரை பதிவானவற்றுக்குக் கூடுதல் வரி கிடையாது, விலை எவ்வளவானாலும் சரி. 2025 ஏப்ரல் 1 முதல் பதிவானவை சிக்கும். 60,000 பவுண்ட் பட்டியல் விலையுள்ள ஒரே மாடலுக்கு 2025-26 கட்டணப்படி ஆண்டு வரி: 2025 மார்ச் 20-இல் பதிவானதற்கு 195, ஏப்ரல் 5-இல் பதிவானதற்கு 620. அந்த வித்தியாசத்தை விலை பேசும்போது கேட்டு வாங்கலாம். 2025 நவம்பர் பட்ஜெட், மின்கார்களுக்கான வரம்பை 2026 ஏப்ரலிலிருந்து 50,000 ஆக்கியது. ஹைபிரிட்டுக்கு அந்தச் சலுகை இல்லை, அதற்கு 40,000-தான்.

லாக் புக்கில் பட்டியல் விலை இருக்காது. முன்பணம் கொடுக்கும் முன் பதிவு எண்ணை டிவிஎல்ஏவின் வாகன விவரப் பக்கத்தில் போட்டு ஆண்டு வரியைப் பாருங்கள். டீலரிடம் ஆப்ஷன்களோடு கூடிய முதல் பில்லைக் கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கட்டும் முறையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். 2025-26 கட்டணப்படி, ஆண்டுக்கு ஒரே தவணை என்றால் 620. மாதாமாதம் வங்கியிலிருந்து பிடிக்கச் சொன்னால் 5 சதவீதம் கூடி 651. டைரக்ட் டெபிட் (வங்கியிலிருந்து தானாகப் பிடிப்பது) இல்லாமல் ஆறு மாதத்துக்கு மட்டும் கட்டினால் 341. இரண்டு முறை கட்டினால் 682.