அரசுப் பள்ளி ஆசிரியர் வேலை: அறிவிக்கை வருமுன்னே கோப்பைத் தயார் செய்யுங்கள்

தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் வாய்ப்பை இழப்பவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். படிப்பில் குறை என்றால் அடுத்த முறை சரிசெய்துகொள்ளலாம். ஒரு இனிஷியலுக்காகவோ, வாங்காமல் விட்ட ஒரு தமிழ்வழிச் சான்றுக்காகவோ பல மாத உழைப்பு வீணாவதைப் பார்க்க மனசு தாங்காது. அதனால் இங்கே பாடத்தைவிடக் காகிதங்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எந்த வேலைக்கு நீங்கள் தகுதி

1 முதல் 5-ஆம் வகுப்பு வரை நடத்துபவர் இடைநிலை ஆசிரியர். பிளஸ் டூவுக்குப் பிறகு 2 ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயம் முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வு எனப்படும் டெட்டின் தாள் 1-இல் தேறியிருக்க வேண்டும். 6 முதல் 10 வரை பட்டதாரி ஆசிரியர். இவருக்குப் பட்டம், பி.எட்., டெட் தாள் 2 வேண்டும். 11, 12-ஆம் வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர். முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் போதும், தமிழ்நாட்டில் இந்தப் பதவிக்கு டெட் கேட்பதில்லை, நேராகப் போட்டித் தேர்வுதான். தொடக்க அடிப்படை ஊதியம் முறையே 20,600, 36,400, 36,900 ரூபாய். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் இதற்கு மேல் சேரும்.

பி.எட். படித்தவர்கள் சிலர் ‘தொடக்கப் பள்ளியிலாவது சேர்ந்துவிடலாம்’ என்று நினைக்கிறார்கள். அந்தக் கதவு மூடிவிட்டது. 1 முதல் 5 வரை நடத்த பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பட்டயமும் பி.எட்.டும் இரண்டுமே முடித்தவர்கள் டெட்டின் இரண்டு தாள்களையும் எழுதுவது நல்லது.

மத்திய அரசின் தகுதித் தேர்வான சி-டெட் தேறியவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சான்று கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்கு உதவும். ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் இடைநிலை, பட்டதாரி ஆசிரியர் நியமனங்களுக்குத் தமிழ்நாடு டெட்தான் வேண்டும்.

டெட் தேறினால் வேலை கிடைத்துவிடாது

2018 ஜூலையில் வந்த 149-ஆம் எண் அரசாணைக்குப் பிறகு டெட் ஒரு தகுதி மட்டுமே. வேலைக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு உண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ‘டெட் பாஸ் பண்ணிட்டே, ஆர்டர் எப்போ வரும்?’ என்ற கேள்வியால் மனம் நோகிறவர்கள் நிறைய.

டெட்டில் 150 கேள்விகள், 150 மதிப்பெண், 3 மணி நேரம். கேள்விக்கு 72 நொடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஆகவே ஒன்றையும் விடாமல் குறித்துவிட வேண்டும். தாள் 1-இல் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் ஆகியவற்றுக்குத் தலா 30 கேள்விகள். தாள் 2-இல் முதல் மூன்றும் அதேபோல் 90. மீதி 60 கணிதமும் அறிவியலும், அல்லது சமூக அறிவியல். பொதுப் பிரிவினருக்குத் தேர்ச்சி மதிப்பெண் 90. மற்றப் பிரிவினருக்கான சலுகை அளவு மாறி வந்திருக்கிறது, அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் உள்ள எண்ணையே நம்புங்கள். ஒருமுறை தேறினால் சான்று ஆயுள் முழுக்கச் செல்லும். 2021-இல் வந்த இந்த மாற்றம் 2011 முதல் தேறியவர்களுக்கும் பொருந்தும்.

போட்டித் தேர்வில் பலர் அலட்சியம் செய்யும் பகுதி கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள். 30 கேள்விகள், 50 மதிப்பெண், 30 நிமிடம். குறைந்தது 20 எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் 150 மதிப்பெண்ணுக்கான முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். சென்னையில் ஆங்கில வழியில், இரண்டாம் மொழியாக இந்தியோ பிரெஞ்சோ எடுத்துப் படித்த கணித, அறிவியல் பட்டதாரிகளுக்கு இங்கேதான் ஆபத்து. அரசுப் பள்ளித் தமிழ்ப் பாடநூல்களை 6-ஆம் வகுப்பிலிருந்து 10 வரை இலக்கணப் பகுதியோடு வாசித்தால் போதும். ஆனால் அதற்குத் தினம் அரை மணி நேரமாவது ஒதுக்கியே ஆகவேண்டும். டி.பி.ஐ. வளாகம் என்று அழைக்கப்பட்டுவந்த நுங்கம்பாக்கம் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்தில் பாடநூல் கழகப் புத்தகங்களை விலைக்கு வாங்கலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்து படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது.

கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்

இதற்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள், அறிவிக்கைக்குக் காத்திருக்காதீர்கள்.

முதலில் எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றில் ‘எஸ். கவிதா’, பட்டத்தில் ‘கவிதா சுப்பிரமணியன்’, ஆதாரில் கணவர் பெயரோடு ‘கவிதா ரமேஷ்’ என்று இருப்பது நம் ஊரில் சாதாரணம். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். இனிஷியல் விரிவது பெரும்பாலும் விளக்கம் சொன்னால் தீரும். பெயரே வேறாக இருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும். அதற்கு அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையை அணுக வேண்டும். வாரக்கணக்கில் ஆகும் வேலை இது.

சாதிச் சான்று தமிழ்நாடு அரசின் படிவத்தில் இருக்க வேண்டும். மத்திய அரசு வேலைக்காக வாங்கிய ஓ.பி.சி. சான்று இங்கே செல்லாது. திருமணமான பெண்களுக்குத் தந்தை பெயரில் வாங்கிய சான்றுதான் ஏற்கப்படும். கணவர் பெயரில் இருந்தால் இ-சேவை மையத்தில் இப்போதே புதிதாக விண்ணப்பியுங்கள்.

தமிழ்வழிச் சான்று, அதாவது பி.எஸ்.டி.எம்., அதிக அலைச்சல் தருவது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. 2020-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பட்டப் படிப்பு மட்டும் தமிழில் இருந்தால் போதாது. 1-ஆம் வகுப்பு முதல் பணிக்குரிய கல்வித் தகுதி வரை எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும். எனவே ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிச் சான்று தேவை. 5-ஆம் வகுப்பு வரை வியாசர்பாடியில் மாநகராட்சிப் பள்ளி, பிளஸ் டூ வரை பெரம்பூரில் உதவி பெறும் பள்ளி, பிறகு கல்லூரி, பி.எட். என்று படித்திருந்தால் நான்கு இடத்திலும் வாங்க வேண்டும். பழைய அறிவிக்கையின் பின்னிணைப்பில் மாதிரிப் படிவம் இருக்கும், அதை அச்செடுத்துக் கொண்டு போங்கள். தலைமை ஆசிரியர் தம் வழக்கப்படி எழுதித் தரும் கடிதத்தில் ‘பயிற்று மொழி தமிழ்’ என்ற வரி விடுபட்டுப்போனால் மறுபடி நடக்க வேண்டும். பள்ளி மூடப்பட்டிருந்தால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் பதிவேடு எங்கே போனது என்று கேளுங்கள். மே மாதத்தில் பள்ளிகளில் ஆள் இருப்பது அரிது, ஜூன் அல்லது ஜூலையில் போவது மேல்.

அடுத்து பட்டத்தின் பெயர். வெறும் பி.எஸ்சி. கணிதம் என்றால் கவலையில்லை. ‘கணினிப் பயன்பாட்டுடன் கூடிய கணிதம்’ என்பதுபோல் நீண்டிருந்தாலும், வேறு மாநிலப் பல்கலைக்கழகப் பட்டமானாலும், அது இணையானது என்று உயர்கல்வித் துறை அரசாணை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அரசாணை அறிவிக்கைக்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும். பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டமும் ஏற்கப்படாது.

இவற்றோடு எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், தற்காலிகச் சான்று அல்லது பட்டச் சான்று, டெட் சான்று, நன்னடத்தைச் சான்று, பொருந்துமானால் மாற்றுத்திறனாளி சான்று. ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து தெளிவான பெயரில் சேமியுங்கள். ஜெராக்ஸ் மூன்று செட் எடுத்துவையுங்கள்.

விண்ணப்பிக்கும் நாள்

விண்ணப்பம் டி.ஆர்.பி. இணையதளத்தில் மட்டும்தான். அண்மை அறிவிக்கைகளில் கட்டணம் 600 ரூபாய். ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 300. வயது வரம்பு 2023 முதல் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58.

பிரவுசிங் சென்டரில் போடுவதானாலும் உங்கள் கைபேசி எண்ணையும் உங்கள் மின்னஞ்சலையுமே கொடுங்கள். கடைக்காரர் அவசரத்துக்குத் தம் மின்னஞ்சலைப் போட்டுவிட்டால் கடவுச்சொல், ஹால் டிக்கெட் எல்லாவற்றுக்கும் அவரையே தேட வேண்டியிருக்கும். இனப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது நிதானம் வேண்டும். பி.சி. முஸ்லிம் ஒருவர் வெறும் பி.சி. என்று குறிப்பதும், அருந்ததியர் ஒருவர் எஸ்.சி. என்று மட்டும் குறிப்பதும் அடிக்கடி நடக்கிறது. தமிழ்வழி என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று விழுந்துவிட்டால் பிறகு சான்றைக் காட்டிப் பயனில்லை. பணம் போய் ரசீது வராவிட்டால் உடனே மறுபடி கட்டாதீர்கள், சிறிது நேரம் கழித்து உள்ளே நுழைந்து நிலையைப் பாருங்கள். திருத்தம் செய்யச் சில நாள் தருவதுண்டு, ஆனால் எல்லாக் கட்டங்களும் திறக்காது. கடைசி நாளில் தளம் திணறும் என்பதால் மூன்று நாள் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

தேர்வுக்குப் பிறகு

தற்காலிக விடைக்குறிப்பு வரும்போது ஆட்சேபம் சொல்லப் பாடநூல் பக்கத்தை ஆதாரமாகக் காட்ட வேண்டும். கைடுகளையும் கோச்சிங் சென்டர் குறிப்புகளையும் ஏற்பதில்லை.

சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தாலே தேர்வாகிவிட்டதாக எண்ண வேண்டாம். பட்டதாரி ஆசிரியர் தேர்வில் 1:1.25 என்ற கணக்கில் அழைத்தார்கள், அதாவது 100 இடத்துக்கு 125 பேர். அன்றைக்கு அசல் எல்லாம் கையில் இருக்க வேண்டும். தனியார் பள்ளியில் அசல் சான்றிதழைப் பிடித்து வைத்திருந்தால் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காத்திருக்கும் காலத்தில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் பணிக்கு முயலலாம். 2022-இல் திருத்தியபடி இடைநிலைக்கு 12,000, பட்டதாரிக்கு 15,000, முதுகலைக்கு 18,000 ரூபாய் தொகுப்பூதியம். நிரந்தரப் பணிக்கு இது உரிமை தராது, ஆனால் வகுப்பறைப் பழக்கம் வரும். அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் நேரில் விசாரிப்பதே சுருக்கமான வழி.

சென்னையிலேயே பணியிடம் வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் புதிய நியமனங்களில் காலியிடம் பெரும்பாலும் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களில்தான் இருக்கிறது. கலந்தாய்வில் உங்கள் வரிசை எண் வரும்போது யோசிக்கக் கிடைப்பது சில நிமிடம். காலியிடப் பட்டியல் வெளியான இரவே ரயில் நிலையம், பேருந்து வசதி, தங்கும் இடம் பார்த்து 15 பள்ளிகளை விருப்ப வரிசையில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பவர்கள் எடுத்தவற்றை அடித்துக்கொண்டே வந்தால், உங்கள் முறை வரும்போது மிச்சம் எது என்பது கண்முன்னே இருக்கும்.