சாவியைக் கையில் கொடுத்த பிறகு நாம் செய்யும் தவறுகள்
பல வருடம் தெருவில் இருந்தவருக்கு அறை கொடுத்தாயிற்று. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் கட்டிலில் விரித்த போர்வை கசங்கக்கூட இல்லை. மனிதர் செருப்பைக் கழற்றாமல், பையைத் தலைக்கு வைத்து, கதவை ஒட்டித் தரையில் படுத்திருக்கிறார். "இவ்வளவு செய்தும் அருமை தெரியவில்லையே" என்று நமக்கு அப்போது தோன்றுகிறதே, அதுதான் முதல் தவறு. யாராவது எட்டி உதைத்து எழுப்பினால் அந்த நொடியே ஓடவேண்டும் என்று பழகிய உடம்பு ஒரே ராத்திரியில் மாறிவிடாது. தரையிலேயே படுக்கட்டும், பாய் வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்தது, குடியை விடு, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு, அப்புறம் வீட்டைப் பற்றிப் பேசலாம் என்று நிபந்தனை போடுவது. நடைபாதையில் படுத்துக்கொண்டு யாரால் இதையெல்லாம் செய்யமுடியும்? 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்த வரிசையைத் திருப்பிப்போட்டார்: முதலில் வீடு, உதவிகள் அதோடு கூடவே. கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் சுமார் 2,000 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். ஆய்வின் கடைசி ஆறு மாதத்தில், முதலில் வீடு கிடைத்தவர்களில் 62 சதவீதம் பேர் முழுக்க வீட்டிலேயே இருந்தார்கள். வழக்கமான சேவைகளை மட்டும் நம்பியிருந்தவர்களில் 31 சதவீதம்தான். அதற்காகச் சாவியைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடவும் கூடாது. அங்கே ஊழியர்கள் தொடர்ந்து வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள்.

எனக்கு மனசு ஆறாத தவறு ஒன்று உண்டு, கதை கேட்பது. பதிவு செய்பவர் கேட்பார், மறுபடி நர்ஸ், மறுபடி ஆலோசகர், ஆள் மாறினால் புதிதாக வந்தவரும் கேட்பார். சின்ன வயதில் என்ன நடந்தது, கணவர் எப்படி அடித்தார் என்று ஒரு பெண் ஒரே வாரத்தில் நான்கு பேரிடம் சொல்லவேண்டுமா? இன்றைக்கு வேலை நடக்க எது தேவையோ அதை மட்டும் கேளுங்கள். அவர் சம்மதித்தால் எழுதிவைத்து மற்றவர்களுக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். "இதற்குப் பதில் சொல்லவேண்டாம் என்றால் விட்டுவிடலாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

மாற்றுச் சாவி நம்மிடம் இருக்கிறது என்பதற்காகச் சட்டென்று திறந்து உள்ளே போகாதீர்கள். வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள், மெதுவாகத் தட்டி உங்கள் பெயரைச் சொல்லுங்கள், அவர் வந்து திறக்கும்வரை நில்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் அது வேறு.

மறுபடி குடித்தார், சத்தம் போட்டார் என்றால் உடனே வெளியேற்றிவிடுவது எல்லோரும் செய்வது. அந்த வீடு சரிப்படவில்லையென்றால் வேறு வீடு பாருங்கள், ஆளைக் கைவிடாதீர்கள்.

அப்புறம் கோப்பில் எழுதும் சொற்கள். "ஒத்துழைப்பு இல்லை" என்று ஒருவர் எழுதிவிட்டால் அடுத்து வருபவர்கள் எல்லோரும் அந்த மனிதரை அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். அதற்குப் பதில் நடந்ததை எழுதுங்கள்: "மூன்று தடவை கூப்பிட்டும் வரவில்லை. சந்திப்பு வைத்திருக்கும் இடம், முன்பு அவர் அடிவாங்கிய அதே காப்பகக் கட்டடம். அடுத்த முறை வெளியே, அவர் சொல்லும் இடத்தில் வைக்கவேண்டும்."