சுற்றறிக்கை வந்த பிறகு பாடசாலை அதிபர்கள் தவிர்க்க வேண்டியவை

திருகோணமலைப் பாடசாலைகளுக்கு இப்போதெல்லாம் மாற்றம் கைபேசி வழியாகத்தான் வருகிறது. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையை அதிபர் ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் போடுகிறார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அத்தோடு அறிவித்தாயிற்று என்று நினைப்பதுதான் முதல் தவறு. பெரிய தவறும் அதுதான். ஒரே சுற்றறிக்கை தரம் 1 ரீச்சருக்கு ஒரு வேலையையும் உயர்தர இரசாயனவியல் சேருக்கு இன்னொரு வேலையையும் கொடுக்கும். "நாளைக்கு என் வகுப்பில் என்ன மாறும்?" என்ற கேள்விக்குப் பகுதித் தலைவரோடு அரைமணி நேரம் இருந்து பேசினால்தான் விடை கிடைக்கும்.

அந்தப் பேச்சைப் பாடசாலை விட்ட பிறகு, 1.30க்கு மேல் வைப்பது அடுத்த தவறு. நகரிலிருந்து மூதூருக்கும் ஈச்சிலம்பற்றுக்கும் போய்வருகிறவர்களின் கண் மணிக்கூட்டில்தான் இருக்கும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததோடு கிண்ணியாவில் பாதைப் படகுக்குக் காத்திருக்கும் பாடு போனது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பாடு போகவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து கற்பிக்கும் பாடசாலையில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தோடு மோதுகிற மாதிரிக் கூட்டம் வைத்துவிட்டு, "ஒத்துழைப்பு இல்லை" என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை.

கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். "விளங்கவில்லை சேர்" என்று ஒருவர் சொன்னதும் அவருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதை மற்றவர்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். ஏளனம் கிடைத்தால் அந்தத் தவணைக்கு வேறு கேள்வி வராது. கேட்கவும் தவறை ஒப்புக்கொள்ளவும் பயமில்லாத குழுக்களே கூடுதலாகக் கற்றுக்கொள்கின்றன என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1999இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவர் பார்த்தது ஓர் உற்பத்தி நிறுவனத்தின் குழுக்களை. நம் ஆசிரியர் அறைக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

ஆசிரியர்களை உண்மையில் களைக்க வைப்பது புதிய வேலை மட்டுமல்ல, பழையது போகாமல் இருப்பது. கணினியில் புள்ளி பதியச் சொல்வார்கள். பழைய பதிவேட்டையும் கையால் நிரப்பச் சொல்வார்கள். புதிதாக ஒன்றைக் கொடுக்கும்போது எதை நிறுத்தலாம் என்பதையும் அதிபர் அதே கூட்டத்தில் சொல்ல வேண்டும். தன் அதிகாரத்துக்குள் இல்லையென்றால் வலயக் கல்விப் பணிப்பாளரிடம் எழுத்தில் கேட்கலாம். கேட்டார் என்று தெரிந்தாலே ஆசிரியர்களின் முகம் மாறும்.

"இதுதான் முடிவு" என்று அடித்துச் சொல்வதும் ஆபத்து. 2026இல் தரம் 1க்கும் தரம் 6க்கும் வரவிருந்த புதிய பாடத்திட்டத்தில் தரம் 6க்கானது 2027க்குத் தள்ளிப்போனது. "இன்றைக்குத் தெரிந்தது இவ்வளவு, மாறினால் சொல்கிறேன்" என்று சொல்லியிருந்த அதிபருக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

எல்லாவற்றையும் கணினி தெரிந்த இரண்டு இளம் ஆசிரியர்களின் தலையில் கட்டுவதும் வேண்டாம். அவர்களுக்கு இடமாற்றம் வந்தால் கடவுச்சொல்லும் கூடவே போய்விடும். மூத்த ஆசிரியர் ஒருவரை ஆரம்பத்திலிருந்தே பக்கத்தில் உட்கார வைத்து, செய்முறையை ஒரு கோப்பில் எழுதி அலுவலகத்தில் வையுங்கள்.