பாட்டு முடியாமல் ஊரைக் கூட்டாதீர்கள்

போன மாதம் முறிகண்டிக்குக் கிட்ட, வயல் வரப்பில் ஏழெட்டுப் பெடியள் பாட்டு வீடியோ எடுத்துக்கொண்டு நின்றார்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தேன். "பாட்டு முடிஞ்சுதோ?" என்று கேட்டதற்கு, "இல்லை அண்ணை, இது சும்மா டெமோ. குரல் பிறகு திருப்பிப் பாடவேணும்" என்றார் பாடுகிற தம்பி. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

உச்சி வெயிலில் எடுக்காதே, பற்றரி மறக்காதே என்பதையெல்லாம் வெயிலும் பற்றரியுமே முதல் நாளில் சொல்லித் தந்துவிடும். பாட்டு முடியாமல் படம் எடுப்பது அப்படியில்லை. எடிட்டிங்கில் உட்காரும்வரை தெரியாது.

டெமோவுக்கு வாயசைப்பது

நாங்களும் இதைத்தான் செய்தோம். மார்கழியில் மழை விட்ட ஒரு சனிக்கிழமை. சனசமூக நிலையத்துக் கதிரைகள், ஒருவருடைய உழவு மெஷின், மாதர் சங்க அக்காமாரின் சமையல், கூலி வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற அண்ணைமார். எங்கள் கையால் போன காசு பெற்றோலுக்கும் சவுண்ட் செட் வாடகைக்கும்தான். அதனால் மலிவாக முடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டோம்.

டெமோ 96 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 96 தாள அடி; நீளம் சரியாக 4 நிமிடம். எடுத்து முடித்த பிறகு இசையமைத்தவர் "கொஞ்சம் இழுபடுது" என்று 100 ஆக்கினார். காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 384 தாள அடிகள் இப்போது 230.4 வினாடியிலேயே முடிந்துவிடும், அதாவது பாட்டு கிட்டத்தட்ட 10 வினாடி சுருங்கிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. வீடியோவையும் 4 வீதம் வேகமாக்கினால் யாருக்கும் தெரியாது. ஆனால் வேகம் மாறியதால் பாடகர் திரும்பப் பாடினார். மூச்சு எடுக்கிற இடம் மாறியது. போகிற போக்கில் சரணத்தில் ஒரு வரியையும் "திருத்தினார்". வினாடிக்கு 25 பிரேமில் ஒரு பிரேம் 40 மில்லி வினாடி. நாலைந்து பிரேம் விலகினாலே வாய் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். எங்களுக்கோ சொல்லே வேறு.

திரும்பப் போனபோது மாசி. அருவிவெட்டு முடிந்து வயல் முழுக்க ஒட்டுத்தான் நின்றது. வந்தவர்களும் பாதிப்பேர். யாரும் ஏசவில்லை. "அண்டைக்கு எடுத்தது சரிவரேல்லையோ தம்பி?" என்று ஒரு அக்கா பிளேன்டீ நீட்டிக்கொண்டே கேட்டார். ஏசியிருக்கலாம். முடிந்த வீடியோவில் ஒரு வரிக்குப் பச்சை வயல், அடுத்த வரிக்கு மொட்டை வயல். யாராவது அதைப் போட்டால் இன்றைக்கும் எழும்பிப் போய்விடுவேன்.

மிக்ஸிங் பிறகு நடக்கட்டும், சத்தம் கூடிக் குறைந்தால் உதடு மாறாது. குரல், வேகம், நீளம் மூன்றும் முடிந்த பிறகுதான் ஆட்களிடம் நாள் கேட்க வேண்டும். பாட்டு தொடங்குமுன் தாளம் காட்ட நாலு கிளிக் சத்தம் வையுங்கள். இயர்போன் வேண்டாம்; சவுண்ட் செட்டில் போட்டு, பாடகரை வாய்விட்டுப் பாடச் சொல்லுங்கள். முணுமுணுத்தால் தொண்டை அசையாது, பார்க்கிறவருக்கு அது உடனே தெரியும். கமராவின் மைக்கை நிறுத்த வேண்டாம். அதில் பதிகிற பாட்டை வைத்துத்தான் பிறகு பொருத்துவீர்கள்.

ஸ்லோமோஷனில் பாடவேண்டும் என்றால் பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு, 50 பிரேமில் எடுத்து 25இல் ஓட்டுங்கள். பாடகர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

போனில் எடுப்பவர்களுக்கு

போன் பிரேம் வேகத்தை ஒரே சீராக வைத்திருக்காது, போகப் போகப் பாட்டு நழுவும். சீரான வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கைத் தொடங்குங்கள்.

ட்ரோன்

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதியாததை ஏற்றாதீர்கள். இரணைமடுவில் விமானப்படை இருக்கிறது.

பற்றைக்காடு

முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை கண்டால், அங்கால் எவ்வளவு வடிவான ஷொட் இருந்தாலும் திரும்பி வாருங்கள்.

நாள் கேட்கிற நேரம்

விதைப்பு, அருவிவெட்டு, வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல்: இந்த நாட்களில் கேட்டால் முகத்துக்காக "ஓம்" என்பார்கள், வரமாட்டார்கள். குற்றம் அவர்களுடையது இல்லை. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் ஆள் கிடைப்பார்கள், ஆனால் புழுதியும் சேர்ந்து வரும். அப்போது விடியவே தொடங்கிவிடுங்கள்.

பெயர்கள்

கடைசியில் ஓடுகிற பெயர்களை ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். படப்பிடிப்பு நாளன்றே கொப்பி ஒன்றைக் கொடுத்து அவரவர் கையால் எழுதவையுங்கள், முதலெழுத்தோடு. நாங்கள் நினைவில் வந்ததைப் போட்டோம். சனசமூக நிலையத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி வீடியோவைக் காட்டிய இரவு, உழவு மெஷின்காரர் கடைசிப் பெயர் ஓடும்வரை நின்று பார்த்தார். அவருடைய பெயர் அதில் இல்லை. வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது, "மெஷின் வடிவா வந்திருக்கு, என்ன" என்றார்.