'ஐயோ'வுக்கும் 'சொறி'க்கும் நடுவில்: சிறு பிழைகளுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவன அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக நான் வேலைக்குச் சேர்ந்த முதற் கிழமையில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பெண் அதிகாரி ஒருவர் மேசையில் விரித்து வைத்திருந்த இரணைமடுக் குளத்து வாய்க்கால் வரைபடத்தின் மேல், என் முழங்கை பட்டு ஒரு கோப்பை பிளேன்ரீ கவிழ்ந்தது. என் வாயில் வந்தது 'ஐயோ! ஐயையோ!' என்பதுதான். அவர் வரைபடத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. கதிரையைத் தள்ளிவிட்டு ஓடிவந்து, என் கையைப் பிடித்து, எந்த இடத்தில் சுட்டது என்று தேடினார். எனக்கு ஒன்றும் சுடவில்லை என்று விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் தேநீர் வரைபடத்தின் மறுகரைக்குப் போய்விட்டது.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது மிகச் சிறியது: 'ஊப்ஸ், சொறி! ஒரு துணி எடுத்து வாறேன்' என்பதன் ஆங்கிலம், அவ்வளவுதான். நம் 'ஐயோ' கோப்பை கவிழ்ந்தாலும் வரும், சாவு வீட்டிலும் வரும்; எது எவ்வளவு பெரிது என்பதைக் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து நாமே பிரித்துக்கொள்வோம். தமிழ் தெரியாதவருக்கு அந்த ஏற்ற இறக்கம் பிடிபடாது. ஆங்கிலத்திலோ சிறு பிழைக்கென்றே தனிச் சொற்கள் சில இருக்கின்றன. பாடசாலையில் பதினொரு ஆண்டுகள் ஆங்கிலம் படித்தும் இவற்றை எவரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆகவே, இப்போதுதான் ஆங்கிலம் பேசத் தொடங்குபவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

முதலாம் படி: இழப்பு யாருக்கு என்று பாருங்கள்

சொல்லைத் தேடுவதற்கு முன்பு, நடந்த பிழையால் யார் பாதிக்கப்பட்டார் என்பதை ஒரு கணம் பாருங்கள். உங்கள் பேனை உங்கள் கையிலிருந்தே விழுந்ததா, வேறொருவரின் காலில் விழுந்ததா, அல்லது நீங்கள் பொறுப்பேற்றுச் செய்த வேலையில் ஒரு பிசகு நேர்ந்ததா? முதலாவதற்கு 'ஊப்ஸ்' போதும். இரண்டாவதற்கு 'சொறி' வேண்டும். மூன்றாவதற்கு 'மை மிஸ்டேக்' என்று பொறுப்பை ஏற்கும் சொல் வேண்டும். இந்தப் பிரிவு கைவந்துவிட்டால் மீதி எல்லாம் பழக்கத்தில் வரும். நம்மவர்களில் பெரும்பாலானோர் மூன்றுக்கும் 'சொறி' ஒன்றையே சொல்வதால், தன் பேனையைத் தானே விழுத்திவிட்டு எதிரில் இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்கும் நிலை வருகிறது.

இரண்டாம் படி: 'ஊப்ஸ்' என்பதை வாய்க்குப் பழக்குங்கள்

கனடாவில் பிறந்த சமூகவியலாளர் ஏர்விங் கொஃப்மன், 1978இல் வெளியான ஒரு கட்டுரையில், பொருளைத் தவறவிடும்போதும் சிந்தும்போதும் தம்மை அறியாமல் மனிதர் எழுப்பும் இத்தகைய ஒலிகளைத் தனி வகையாக எடுத்து ஆராய்ந்தார். அவர் கூறுவதன் சாரம் இது: 'ஊப்ஸ்' என்பவர், நடந்ததைத் தாம் கவனித்துவிட்டதாகவும், கை தவறியது அந்த ஒரு கணத்துக்கு மட்டுமே என்றும், மற்றப்படி தாம் நிதானமாகவே இருப்பதாகவும் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிவிக்கிறார். அதாவது இது மன்னிப்புக் கேட்கும் சொல் அல்ல. 'கண்டுகொண்டேன், சின்ன விசயம்தான்' என்னும் அறிவிப்பு. என் 'ஐயையோ' இதற்கு நேர்மாறான அறிவிப்பைச் செய்ததால்தான் அந்த அதிகாரி ஓடிவந்தார்.

சொல் அவ்வளவு பழையதன்று. அச்சில் அது காணக் கிடைப்பது 1920களின் தொடக்கத்திலிருந்துதான். விழுந்த குழந்தையைத் தூக்கிவிடும்போது ஆங்கிலேயர் சொல்லும் 'அப்ஸி டெய்ஸி' என்ற கொஞ்சல் தொடரிலிருந்து இது வந்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. அந்தத் தொடரின் பழைய வடிவம் ஒன்று எழுத்தாளர் ஜொனதன் ஸ்விஃப்ட் 1711இல் எழுதிய கடிதமொன்றிலேயே இருக்கிறது. நம் வீடுகளில் தடுக்கி விழுந்த பிள்ளையிடம் 'ஒண்டுமில்லை, எழும்பு எழும்பு' என்று சொல்வோமே, அந்தக் குரலை நினைத்துக்கொண்டால் 'ஊப்ஸ்' என்பதன் எடை சரியாகப் பிடிபடும்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. தமிழ்ச் சொற்கள் 'ப்ஸ்' என்று முடிவதில்லை. ஆகவே நம் நாக்கு தானாகவே ஒரு உகரத்தைச் சேர்த்து 'ஊப்ஸு' என்றோ, ஸகரத்தை விட்டுவிட்டு 'ஊப்பு' என்றோ முடிக்கும். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் அக்காவின் மகள் சாப்பாட்டு நேரத்தில் அகப்பையைத் தவறவிட்டு 'ஊப்ஸ்' என்றபோது, அம்மம்மா உப்புப் போத்தலை எடுத்து அவள் முன்னால் நகர்த்தினார். 'உப்புக் காணாதெண்டால் கேட்டுப் போடு பிள்ளை, ஏன் வெக்கப்படுறாய்' என்றும் சொன்னார். ஆகவே உதடுகளைக் குவித்து உயிரொலியைத் தொடங்கி, உதடுகளை மூடி, திறக்கும்போது காற்றை மட்டும் பல்லிடுக்கால் விட்டு நிறுத்துங்கள். ஸகரத்துக்குப் பின் குரல் வரக் கூடாது. தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தால், கடைசியில் அதிர்வு இருக்காது.

'வூப்ஸ்' என்பதும் இதே பொருளில்தான் வரும். இரண்டில் எதைச் சொன்னாலும் பிழையில்லை. 'அவுச்' என்பதை மட்டும் இவற்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வலிக்கு உரியது. கதவில் விரல் நசிந்தால் 'அவுச்'. கதவைத் தவறாகப் பூட்டிவிட்டுத் திறப்பை உள்ளே விட்டிருந்தால் 'ஊப்ஸ்'.

மூன்றாம் படி: 'சொறி'யை அளந்து சொல்லுங்கள்

ஒருவரின் காலை மிதித்துவிட்டீர்கள் அல்லது அவர் பேசும்போது குறுக்கே பேசிவிட்டீர்கள் என்றால், 'சொறி' என்று ஒருமுறை, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னால் போதும். நாம் ஒருவர் மேல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அதைச் செய்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தால், பிற நாட்டவருக்கு நாம் மன்னிப்புக் கேட்டதே தெரியாது, ஏன் தம்மைத் தொட்டோம் என்றுதான் யோசிப்பார்கள். இன்னொன்று, ஐந்து தடவை தொடர்ந்து 'சொறி, சொறி' என்று சொல்வது பணிவாகக் கேட்காது. எதிரில் இருப்பவர்தான் உங்களைத் தேற்ற வேண்டிவரும். (எழுத்தில் இந்தச் சொல் நம் ஊரில் தோல் வியாதியின் பெயரோடு ஒன்றாகிவிடுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.)

நடந்த பின்பு 'சொறி', நடக்கும் முன்பு 'எக்ஸ்கியூஸ் மீ' என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ-9 வீதியில் வரும் வவுனியா பஸ்ஸில் நெரிசலுக்குள்ளால் முன்கதவுக்குப் போக வழி கேட்கும்போது 'எக்ஸ்கியூஸ் மீ'. போகும் வழியில் ஒருவரின் பையைத் தட்டிவிட்டால் 'சொறி'. ஒருவர் சொன்னது காதில் விழாவிட்டாலும் குரலைச் சற்று உயர்த்தி 'சொறி?' என்றோ 'பார்டன்?' என்றோ கேட்கலாம். அங்கே பிழை எதுவும் இல்லை, திரும்பச் சொல்லுங்கள் என்பதே பொருள்.

இந்தச் சொல்லின் இன்னொரு முகத்தை நான் அறிந்துகொண்டது முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். போரில் மகனை இழந்த தாயொருவர் தம் கதையைச் சொல்லி முடித்தபோது, கேட்டுக்கொண்டிருந்த வெளிநாட்டவர் தாழ்ந்த குரலில் 'ஐ ஆம் சோ சொறி' என்றார். நான் யோசிக்காமல், 'மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா எண்டு சொல்லுறார்' என்று மொழிபெயர்த்தேன். அந்த அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'இந்தப் பிள்ளை என்ன செய்தது, என்னட்டை மன்னிப்புக் கேக்க?' என்றார். பிழை முழுவதும் என்னுடையது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் வேர் நோவு, புண் என்ற பொருளைத் தருவது; இன்றும் துயரச் செய்தி கேட்கும்போது சொல்லப்படும் 'சொறி'க்கு, 'உங்கள் நோவு எனக்கும் நோகிறது' என்பதே பொருள். அங்கே மன்னிப்புக்கு இடமே இல்லை. 'கேக்கவே மனசுக்குக் கஷ்டமாக் கிடக்கு எண்டு சொல்லுறார் அம்மா' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆகவே ஆங்கிலம் பேசும் ஒருவர் உங்களிடம் 'சொறி' என்றால், அவர் தம் பிழையைச் சொல்கிறாரா, உங்கள் துயரத்தைச் சொல்கிறாரா என்று முதலில் பாருங்கள். துயரத்துக்குச் சொன்னால் 'தாங்க் யூ' என்பதுதான் சரியான மறுமொழி.

நான்காம் படி: பிழை உங்களுடையது என்று ஒப்புக்கொள்ளுங்கள்

கரப்பந்தாட்டத்தில் இரண்டு பேருக்கு நடுவில் பந்து விழுந்தவுடன், ஒருவன் நெஞ்சில் கையை வைத்து 'என்ர பிழை மச்சான்' என்பானே, அதுதான் ஆங்கிலத்தில் 'மை பேட்'. இலக்கணப்படி பார்த்தால் 'என் கெட்ட' என்று பாதியில் நிற்கும் தொடர் இது. அமெரிக்காவின் கூடைப்பந்துத் திடல்களில் புழங்கி, 1986இல் அச்சேறி, 1990களில் பொதுவழக்காகிவிட்டது. கடைசிச் சொல்லின் உயிரொலி 'ஏ'யும் அல்ல, 'ஆ'வும் அல்ல. சிங்களத்தில் உண்மை என்ற பொருளில் வரும் 'எத்த' என்ற சொல்லின் முதல் ஒலி அது. வவுனியாவில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஒலி ஏற்கெனவே காதில் இருக்கும்.

மச்சான் என்று எவரைக் கூப்பிடுவீர்களோ அவரிடம் மட்டும் இதைச் சொல்லுங்கள் என்பது என் அறிவுரை. மேலதிகாரி, விரிவுரையாளர், வயதில் மூத்தவர் ஆகியோரிடம் 'மை மிஸ்டேக்' அல்லது 'தட் வோஸ் மை மிஸ்டேக்' என்றே சொல்லுங்கள். மறதியால் நேர்ந்த வேடிக்கையான பிழைக்கு, மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடியது போன்றவற்றுக்கு, 'சில்லி மீ' என்று தன்னையே கேலி செய்துகொள்ளலாம்.

இவற்றுள் எதுவும் பொருந்தாத பிழைகளும் உண்டு. ஒருவரின் காணி அனுமதிப்பத்திரத்தில் பெயரை மாற்றி எழுதிவிட்டு 'ஊப்ஸ்' என்று சொன்னால், அவர் அந்தப் பெயரைத் திருத்துவதற்காக எத்தனை நாள், எத்தனை கந்தோர் ஏறி இறங்க வேண்டும் என்பதை நீங்கள் சிறுமைப்படுத்துகிறீர்கள். பணம், உடல், காணி, பத்திரம் ஆகியவற்றில் நேர்ந்த பிழைக்கு முழு வாக்கியத்தில் மன்னிப்புக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: 'அ-ஓ'

இது பிழை வெளிப்படும் தருணத்துக்கு உரியது. ஓட்டோ நின்றபின் பெற்றோல் முள்ளைப் பார்க்கும்போது வருவது. முதல் ஒலி உயர்ந்தும் இரண்டாவது தாழ்ந்தும் வரும். இரண்டுக்கும் நடுவில் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும். சேர்த்துச் சொன்னால் சொல் கெட்டுவிடும்.

ஆறாம் படி: எழுத்தில்

வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பொறியியல் பீடத்திலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது அன்றாடத் தேவை. மின்னஞ்சல் அனுப்பியபின் கோப்பை இணைக்க மறந்தது தெரிந்தால், நண்பருக்கு 'ஊப்ஸ், கோப்பு இதோ' என்று ஒரு வரி போதும். விரிவுரையாளருக்கு எழுதும்போது 'அப்பொலஜீஸ்' என்று தொடங்கி, என்ன விடுபட்டது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லி, கோப்பை இணையுங்கள். இணையத் தொடர்பு போனது, மின்சாரம் நின்றது, மாமா வீட்டில் விசேசம் என்று மூன்று பந்திகள் எழுதாதீர்கள். பிழையைச் சொல்லும் வாக்கியத்தைவிடத் திருத்தும் வாக்கியம் பெரிதாக இருக்கட்டும். வட்ஸ்அப்பில் எழுத்துப்பிழை விட்டால், சரியான சொல்லின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டு அனுப்புவது வழக்கம். வேறு சொல்லே தேவையில்லை.

ஏழாம் படி: மற்றவர் சொன்னால்

உங்களிடம் ஒருவர் 'சொறி' என்றால் 'நோ வொறீஸ்' அல்லது 'தட்ஸ் ஓல்றைற்' என்று உடனே சொல்லுங்கள். நாம் தலையை அசைத்துச் சிரித்துவிட்டுப் பேசாமல் இருப்பது நம்மிடையே போதுமான மறுமொழி. அவர்களுக்கோ, இன்னும் கோபம் தீரவில்லை என்று தோன்றும். 'வெல்கம்' என்று சொல்லிவிடாதீர்கள். அது நன்றிக்கான மறுமொழி. உங்கள் காலை மிதித்தவரிடம் சொன்னால், இன்னொருமுறை மிதிக்கலாம் என்று அழைப்பது போலாகிவிடும்.

பயிற்சி

இன்றைக்கு வீட்டில் மூன்று இடங்களில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தேங்காய் துருவும்போது சிரட்டை கைநழுவினால் 'ஊப்ஸ்'. தம்பியின் தட்டில் சொதியை அளவுக்கு மேல் ஊற்றிவிட்டால் 'ஊப்ஸ், சொறி'. அம்மா வாங்கிவரச் சொன்ன மல்லியை மறந்து சீரகத்தோடு வந்துவிட்டால் 'மை மிஸ்டேக்'. இந்த மூன்றாவதைச் சொல்லிவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மறுபடி கடைக்குப் போங்கள்.